மூச்சு பேச்சாகும் வழி: ஒலியியல் படிக்கத் தொடங்குபவர்களுக்குப் படிப்படியாக

ஒலியியல் பாடத்தில் முதல் வாரமே தலையை நெடுக்காக வெட்டிய படம் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அதில் இருபது பெயர்கள் இருக்கும். அடுத்த பக்கத்தில் ஒலிப்பிடம், ஒலிப்புமுறை என்று கட்டம் போட்ட அட்டவணை. இரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வை எழுதிவிடலாம். ஆனால் ‘ள’ சொல்லும்போதும் ‘ழ’ சொல்லும்போதும் வாய்க்குள் என்ன மாறுகிறது என்று யாராவது கேட்டால் திகைத்துத்தான் நிற்போம். பேச்சுப் பயிற்சி, மொழி கற்பித்தல், பின்னணிக் குரல், மொழியியல் என்று எதற்காக இதைப் படிக்க வந்தாலும் முட்டுச்சந்து இதே இடத்தில்தான்.

படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் காற்றைப் பின்தொடர்ந்தால் வேலை சுலபம். எந்த ஒலியானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். காற்றைத் தள்ளுவது எது? குரல்நாண்கள் என்ன செய்கின்றன? மூக்குக்குப் போகும் கதவு திறந்திருக்கிறதா? வாயில் எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கம்? காற்று போகும் வரிசையும் இதுதான் என்பதால் கேள்விகளை முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 12 செ.மீ.க்குக் குறையாத உயரமுள்ள கண்ணாடித் தம்ளர், உறிஞ்சுகுழல் ஒன்று, அளவுகோல், சிறிய முகக்கண்ணாடி, மெல்லிய தாள், நோட்டு. பதிவு செய்ய ஒரு கணினியும் மைக்கும். ஒலியை அலசுவதற்கு ‘பிராட்’ என்ற மென்பொருள் போதும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆவணம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: பன்னாட்டு ஒலியியல் கழகம் வெளியிடும் ஒலியெழுத்து அட்டவணை. ஒரே பக்கம், அதுவும் இலவசம். அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நோட்டில் ஐந்து பத்தி கோடு போடுங்கள். முதலில் ஒலி, பிறகு மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கான விடைகள்.

நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் எட்டு நாளில் முடிக்கலாம். 5ஆம், 7ஆம் படிகளுக்கு இரண்டிரண்டு நாள் வேண்டும். மற்றவை ஒரு நாளில் ஒன்றிரண்டு ஓடிவிடும்.

தொடங்கும் முன் ஒரு பழக்கத்தைக் கைவிட வேண்டும். மெய்யெழுத்தைச் சொல்லச் சொன்னால் நாம் ‘இக்’, ‘இங்’, ‘இச்’ என்போம். முன்னால் ஒட்டிய ‘இ’ நாக்கை முன்னுக்கு இழுத்துவிடுவதால், ‘க்’ உண்மையில் எங்கே பிறக்கிறது என்பது தெரியாமல் போகும். பயிற்சியில் எப்போதும் ‘அக்க’, ‘அங்ங’ என்று இரு பக்கமும் ‘அ’ வைத்துச் சொல்லுங்கள்.

2. காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள்

தம்ளரில் தண்ணீர் நிரப்பி, உறிஞ்சுகுழலின் கீழ்முனை நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருக்கும்படி பிடித்து ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கும் நொடியில் உங்கள் வாயில் இருக்கும் அழுத்தம் 5 செ.மீ. நீர் அழுத்தம். சாதாரணப் பேச்சுக்கு நுரையீரல் கொடுக்கும் அழுத்தம் 5இலிருந்து 10 செ.மீ. வரைதான். குரல்நாண்கள் மெதுவாக அதிரத் தொடங்க 3 செ.மீ. அளவே போதும். கத்தும்போது இது சில மடங்காகும்.

பயிற்சி இதுதான்: 5 செ.மீ. ஆழத்தில் 5 நொடி விடாமல் குமிழி வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிறகு 10 செ.மீ. ஆழத்தில் முயலுங்கள்.

பிழை வரும் இடங்கள்:

குழலைச் சாய்த்துப் பிடித்துவிட்டுக் குழலின் நீளத்தை அளப்பார்கள். செங்குத்தான ஆழம்தான் கணக்கு.

கன்னம் உப்பினால் நீங்கள் ஊதுவது கன்னத்தில் தேங்கிய காற்று. ஒரு கையால் கன்னத்தை அழுத்திக்கொள்ளுங்கள்.

குமிழி விட்டுவிட்டு வந்தால் மூக்கு வழியே காற்று கசிகிறதோ என்று பாருங்கள். மூக்கைப் பொத்தியதும் சீரானால் கசிவு அங்கேதான்.

தலை லேசாகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து ஊதுவதில் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதால் வருவது அது. ஐந்து முறை ஊதினால் இரண்டு நிமிட ஓய்வு என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து மூச்சின் காலக்கணக்கு. சும்மா இருக்கும்போது மூச்சு இழுக்கும் நேரமும் விடும் நேரமும் ஏறக்குறைய 40க்கு 60. பேசும்போது அது 10க்கு 90 ஆகிவிடும். சட்டென்று இழுத்து, நிதானமாகச் செலவழிக்கிறோம். இங்கே பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்றுண்டு: பேச்சு என்றால் காற்றை வெளியே தள்ளுவது என்று நினைக்கிறார்கள். நுரையீரல் நிரம்பியிருக்கும்போது அது ஊதிய பலூன் மாதிரி, தானாகவே சுருங்கப் பார்க்கும். அப்போது கிடைக்கும் அழுத்தம் பேச்சுக்குத் தேவையானதைவிட அதிகம். ஆகவே முதலில் சில நொடிகள் மூச்சை உள்ளிழுக்கும் தசைகளே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். நன்றாக மூச்சிழுத்து, விலாவில் கை வைத்து, மெல்லிய குரலில் ‘ஆ’ சொல்லிப் பாருங்கள். விலா சட்டென்று இறங்காது. இருப்பு குறையக் குறையத்தான் தள்ளும் தசைகள் வேலைக்கு வரும். கடைசியில் வயிறு இறுகுவது அதனால்தான்.

3. குரல்வளையில் நடப்பது

உதடுகளைத் தளர்வாக மூடி ‘ப்ர்ர்ர்’ என்று ஊதுங்கள். உதடு படபடக்கிறது. அதை நீங்கள் அசைக்கவில்லை, காற்று அசைக்கிறது. குரல்நாண்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கீழிருந்து அழுத்தம் அவற்றைப் பிரிக்கிறது, காற்று பாய்கிறது, தசையின் மீள்தன்மையும் பாயும் காற்றும் சேர்ந்து அவற்றை மறுபடி சேர்க்கின்றன. ஆண்குரலில் நொடிக்கு ஏறத்தாழ 120 முறை, பெண்குரலில் 200க்கு மேல். ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை இடுவதில்லை. நாண்களை எவ்வளவு நெருக்கமாக வைப்பது, எவ்வளவு இழுத்துப் பிடிப்பது என்பதோடு தசைகளின் வேலை முடிந்தது.

ஒலிப்பு, அதாவது குரல்நாண்களின் அதிர்வு, இருக்கிறதா என்று சோதிக்கத் தொண்டையில் விரல் வைக்கச் சொல்வது வழக்கம். அதைவிட இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொள்வது மேல். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டுங்கள்: வெறும் சீறல்தான் கேட்கும். நாக்கை அசைக்காமல் குரலை மட்டும் சேருங்கள்: மண்டைக்குள் வண்டு புகுந்தது போல ரீங்காரம் கேட்கும். ‘ஜீப்ரா’ என்று நாம் எழுதும் சொல்லை ஆங்கிலேயர் சொல்லும்போது வரும் முதல் ஒலி அதுதான்.

குரல்நாண்களின் நிலைகள் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். விரியத் திறந்தால் மூச்சு, ‘ஸ்’, ‘ஃப்’. நெருங்கி அதிர்ந்தால் உயிரொலிகளும் ‘ம்’, ‘ல்’ போன்றவையும். இறுக்கமாக மூடினால் காற்றே நின்றுவிடும். பாரமான பொருளைத் தூக்கும் நேரத்தில் தொண்டை அடைபடுவது இப்படித்தான். அதிராமல் சிறு சந்து விட்டால் கிசுகிசுப்பு.

கடிகாரத்தை வைத்து இரண்டு அளவுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழ மூச்சிழுத்து ‘ஆ’ எத்தனை நொடி நிற்கிறது? வளர்ந்தவர்களுக்கு 15இலிருந்து 25 நொடி சாதாரணம். பிறகு ‘ஸ்’ஸை எத்தனை நொடி, குரல் சேர்ந்த ‘ஸ்’ஸை எத்தனை நொடி நீட்ட முடிகிறது? இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து 1.4க்கு மேல் வந்தால், நாண்கள் சரியாகச் சேராமல் காற்று வீணாகிறதோ என்று சந்தேகிக்க இடமுண்டு. ஒருநாள் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஆனால் குரல் கம்மல் மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

4. மூக்குக் கதவு

அண்ணத்தை நாக்கால் முன்னிருந்து பின்னாக வருடிப் பாருங்கள். கெட்டியான பகுதி முடிந்து மெத்தென்று ஒரு பகுதி வரும். அந்த மெல்லண்ணம்தான் கதவு. மேலே எழும்பினால் மூக்கு அடைபடும், கீழே தொங்கினால் திறக்கும்.

அது அசைவதை உணர, உதட்டைப் பிரிக்காமல் ‘ப்ம் ப்ம் ப்ம்’ என்று சொல்லுங்கள். உதடு மூடியே இருக்கிறது, நாக்கும் அசையவில்லை. ஆனாலும் மூக்குக்குள் ஏதோ ‘தொப்’ என்று திறப்பது தெரியும்.

முகக்கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்தால் ‘ம்’மில் இரண்டு ஆவித்திட்டுகள் படியும், ‘ஆ’வில் படியக்கூடாது. இங்கே எல்லோரும் செய்யும் பிழை, கண்ணாடியைப் பிடித்த பிறகு ஒலியைத் தொடங்குவதும், ஒலியை முடித்துவிட்டுக் கண்ணாடியை எடுப்பதும். இடையில் விடும் சாதாரண மூச்சே கண்ணாடியை மறைத்துவிடும். ஒலியைத் தொடங்கிய பிறகு கண்ணாடியை வையுங்கள், முடியும் முன் எடுத்துவிடுங்கள்.

பேச்சுவழக்கில் ‘மரம்’ என்று சொல்லி, அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் நீட்டிச் சோதியுங்கள். பெரும்பாலோருக்கு உதடு மூடாது, ஆனால் கண்ணாடியில் ஆவி படியும். எழுத்தில் ‘ம்’ இருந்தாலும் வாயில் இருப்பது மூக்கோடு சேர்ந்த ஓர் உயிரொலி. ‘அவன்’ என்பதிலும் அப்படியே. எழுத்தை நம்பி நோட்டில் நிரப்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது.

5. அடைத்துத் திறக்கும் ஒலிகள்

க், ட், த், ப் எல்லாம் ஒரே மூன்று கட்ட வேலை: அடை, பிடி, விடு. அடைக்கும் இடம் மட்டும்தான் வேறு. ‘ப்’புக்கு உதடு, ‘த்’துக்கு மேற்பல்லின் பின்புறம், ‘ட்’டுக்கு மேல்நோக்கி வளைந்த நாநுனி, ‘க்’குக்கு மெல்லண்ணத்தில் நாவின் பின்பகுதி. இதைப் பாடநூல் சொல்லிவிடும். அது சொல்லாமல் விடுவது நடுக்கட்டத்தின் கணக்கு.

வாய் அடைபட்டிருக்கும்போது குரல் எப்படி ஓடும்? நுரையீரலில் 8 செ.மீ. அழுத்தம் என்று வையுங்கள். வாயில் முதலில் சுழியம். வித்தியாசம் 8, நாண்கள் அதிர்கின்றன. ஆனால் உள்ளே வந்த காற்றுக்கு வெளியேற வழியில்லை. வாயின் அழுத்தம் 3, 5, 6 என்று ஏறுகிறது. வித்தியாசம் 2க்குக் கீழே போனதும் நாண்களைப் பிரிக்கப் பலம் இல்லை, அதிர்வு நின்றுவிடும். இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். உதட்டை மூடி, ‘கம்பு’வில் வரும் ‘ப்’பை மட்டும் குரலோடு நீட்ட முயலுங்கள். கன்னம் உப்பும், ஒரு நொடிக்குள் குரல் செத்துவிடும். ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க்’கை அப்படி நீட்டினால் இன்னும் சீக்கிரம் நிற்கும். நாவின் பின்பகுதி அடைக்கும்போது அதற்குப் பின்னால் காற்று தேங்க இடம் மிகக் குறைவு, உப்பிக் கொடுக்கக் கன்னமும் இல்லை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தமிழைப் பாருங்கள். ‘பக்கம்’: அடைப்பு நீளம், குரல் தாக்குப்பிடிக்காது, ஒலிப்பு இல்லை. ‘பங்கு’: முன்னால் ‘ங்’கில் மூக்கு திறந்திருந்ததால் குரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் வரும் அடைப்போ கொஞ்ச நேரம், ஆகவே குரல் நிற்பதற்குள் அடைப்பு திறந்துவிடுகிறது. ‘பகல்’: பலர் வாயில் அடைப்பே முழுசாக விழுவதில்லை, காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது. ஒரே ‘க’ எழுத்தை வைத்துக்கொண்டு தமிழ் காலம் தள்ளுவதில் விந்தை இல்லை. எந்த இடத்தில் எது வரும் என்பது காற்றின் போக்கோடு ஒத்துப்போகிறது. கடன்சொற்களில்தான் இது இடிக்கும்.

அடுத்தது விடும் கட்டம். 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்தில் மெல்லிய தாளை வெட்டி, உதட்டிலிருந்து 3 செ.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். ‘பல்’ என்றால் தாள் லேசாக அசையும். ஆங்கிலேயர் ‘பென்’ என்று சொல்வதைப் போலச் சொன்னால் துள்ளும். அடைப்பு திறந்த பிறகும் குரல்நாண்கள் விரிந்தே இருப்பதால் ஒரு பிடி மூச்சு தனியாக வெளியேறுகிறது. தமிழ் ‘ப’வில் அடைப்பு திறந்து சுமார் 30 மில்லிநொடிக்குள் குரல் வந்துவிடும். மூச்சேறிய ‘ப’வில் 60 மில்லிநொடிக்கு மேலும் ஆகலாம்.

மூச்சேறிய ஒலியைப் பழகுகிறவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒன்று, பலம் கொடுத்து வெடிக்க வைப்பது. பலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, நேரம்தான் விஷயம். இன்னொன்று, ‘க-ஹ’ என்று இரண்டு அசையாகப் பிரிப்பது. கிசுகிசுப்பாக ‘க’ சொல்லிப் பழகிக்கொண்டு, பின்பாதிக்கு மட்டும் குரலைச் சேர்த்தால் தானாக வந்துவிடும். மெழுகுவத்தியை வைத்துச் செய்யச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. தாள் அதே வேலையைச் செய்யும், முடியும் கருகாது.

6. உரசொலிகள்

‘ஈ’ சொல்லும் நிலையில் நாக்கை வைத்து, குரல் இல்லாமல் மூச்சை மட்டும் விடுங்கள். ஏறக்குறையச் சத்தம் இல்லை. மூச்சை நிறுத்தாமல் நாக்கை மெல்ல மேலே ஏற்றுங்கள். ஓரிடத்தில் சீறல் தொடங்கும், இன்னும் ஏற்றினால் அடைபட்டு நின்றுவிடும். உயிரொலி, உரசொலி, அடைப்பொலி மூன்றையும் பிரிப்பது இந்தச் சில மில்லிமீட்டர்தான். சந்து குறுகக் குறுகக் காற்றின் வேகம் கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் சீராக ஓடாமல் சுழித்துக் கலங்கும்; அந்தக் கலக்கம்தான் காதில் சீறலாக விழுகிறது. ‘ஸ்’ஸுக்கான சந்தின் பரப்பு 0.1 சதுர செ.மீ. அளவே இருக்கும். நாக்கு கொஞ்சம் விலகினாலும் ஒலி கெட்டுவிடும் என்பதால், குழந்தைகளுக்கு இது தாமதமாகப் படிவதில் ஆச்சரியமில்லை.

‘ஸ்’ஸில் காற்றுத்தாரை பல்லில் மோதுகிறது. முன்பல் விழுந்தவரின் ‘ஸ’ மாறிப்போவது அதனால்தான். ‘ஷ்’ஷில் நாக்கு பின்னுக்குப் போகிறது, சந்துக்கும் பல்லுக்கும் இடையே அறை பெரிதாகிறது, சீறல் தணிந்து கேட்கிறது. உதட்டைக் குவித்தால் இன்னும் தணியும். ‘ஃப்’ பழகுகிறவர்கள் கீழுதட்டைக் கடித்துவிடுவார்கள். கடிக்க வேண்டாம். மேற்பல் கீழுதட்டின் உள்விளிம்பில் சும்மா படிந்தால் போதும். கடித்தால் சந்தே இருக்காது.

7. ல, ள, ழ, ர, ற

இந்தப் படிக்கு உரிய கருவி உள்மூச்சு. எந்த ஒலியையும் சொல்லி, நாக்கை அசைக்காமல் அப்படியே நிறுத்தி, வாய் வழியே காற்றை வேகமாக உள்ளிழுங்கள். காற்று போகும் பாதை சில்லென்று குளிரும். ‘ஸ்’ நிலையில் இழுத்தால் நாவின் நடுக்கோட்டில், பல்லுக்குப் பின்னால் குளிரும். நாக்கு எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணாடியைவிட இந்தக் குளிர்ச்சி துல்லியமாகச் சொல்லும்.

வலி, வளி, வழி. மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ல்’: நாநுனி மேற்பல்லீற்றில் ஒட்டியிருக்கிறது, ஓரங்கள் இறங்கியிருக்கின்றன. உள்ளிழுத்தால் நாவின் பக்கங்களில், கன்னத்தை ஒட்டிக் குளிரும். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் குளிரும், அதில் தவறில்லை.

‘ள்’: நுனி மேல்நோக்கி வளைந்து, பல்லீற்றுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொடுகிறது. காற்று இங்கேயும் பக்கவாட்டில்தான் போகிறது.

‘ழ்’: வளைவு ஏறக்குறைய அதே வளைவு. ஆனால் நுனி தொடுவதில்லை. நாவின் ஓரங்கள் மேல்வரிசைக் கடைவாய்ப்பற்களை ஒட்டி நின்று பக்கவழியை அடைத்துவிடுகின்றன. காற்று நடுவழியே போகிறது.

ஆக ‘ள’வும் ‘ழ’வும் பிரிவது வளைவின் அளவில் அல்ல, காற்று எந்த வழியே போகிறது என்பதில். ‘ழ’ வராதவர்களிடம் ‘நாக்கை இன்னும் மடி, இன்னும் மடி’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நாக்கு விறைத்து, நுனி அண்ணத்தில் போய் ஒட்டி, மறுபடி ‘ள’தான் வரும். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ‘ள்ள்ள்ள்’ என்று குரலோடு நீட்டுங்கள். நிறுத்தாமல், நுனியை இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கீழே விடுங்கள். அதே நேரம் நாவின் ஓரங்களை மேலே அழுத்துங்கள். ‘ள்ள்ள்ழ்ழ்ழ்’ என்று ஒலி வழுக்கிக்கொண்டு மாறும். மாறிய இடத்தில் நிறுத்தி உள்மூச்சு இழுங்கள். கன்னப்பக்கம் குளிர்ந்தால் நுனி இன்னும் ஒட்டியிருக்கிறது. நடுவில் குளிர்ந்தால் சரி. ‘ய’ போலக் கேட்டால் நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னால் இறங்கி, நடுநாக்கு எழும்பியிருக்கிறது. ‘ள’விலிருந்து மறுபடி தொடங்குங்கள். தாடையைக் கடித்துக்கொண்டு செய்தால் ஒருபோதும் வராது. பற்களுக்கிடையே ஒரு விரல் அகலம் இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் வேண்டாம், நாக்கு சோர்ந்தால் பழைய வழிக்கே திரும்பும்.

‘ர’வும் ‘ற’வும் பல வட்டாரங்களின் பேச்சில் இப்போது ஒன்றாகிவிட்டன. வேறுபாட்டைக் காக்கும் உச்சரிப்பில் ‘ர’ ஒரே ஒரு தட்டு: நாநுனி பல்லீற்றை 20, 30 மில்லிநொடி தொட்டு விலகுகிறது. அது தசையின் வேலை. ‘ற’ நடுங்கும் ஒலி, நொடிக்கு 25, 30 தடவை என்ற வேகம். அந்த வேகத்தில் நாக்கை வேண்டுமென்றே ஆட்ட யாராலும் முடியாது. 3ஆம் படியில் உதட்டைப் படபடக்க வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கும் காற்றுதான் ஆட்டுகிறது. ஓரங்கள் மேற்பற்களோடு ஒட்டிக் காற்றுக் கசிவில்லாமல் இருக்க வேண்டும், நுனி தளர்வாகப் பல்லீற்றை ஒட்டி இருக்க வேண்டும், மூச்சு கொஞ்சம் கூடுதலாக வர வேண்டும். நுனி இறுகினால் அடைப்பொலியாகும், ரொம்பத் தள்ளி நின்றால் வெறும் சீறலாகும். வராதவர்கள் முயற்சியைக் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது காற்றை, குறைக்க வேண்டியது நாவின் இறுக்கத்தை. ‘காற்று’ என்பதில் வரும் ‘ற்ற்’ வேறு கணக்கு. அது பெரும்பாலும் அடைப்பொலி, நோட்டில் 5ஆம் படியோடு சேருங்கள்.

8. உயிரொலிகள்

உயிரொலியில் காற்றுக்கு எங்கும் தடையில்லை. மாறுவது குழாயின் வடிவம் மட்டும். குரல்நாணிலிருந்து உதடு வரை வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 17 செ.மீ. ஒரு பக்கம் மூடிய அந்த நீளக் குழாய் சுமார் 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் (நொடிக்கு அத்தனை அதிர்வு) ஒத்ததிரும், அதாவது அந்த அதிர்வுகளை மட்டும் பெருக்கிக் காட்டும். நாக்கும் உதடும் அந்த எண்களை இடம் நகர்த்துகின்றன. ஆண்குரலில் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் ‘ஈ’க்கு ஏறக்குறைய 300, 2300; ‘ஆ’வுக்கு 700, 1100; ‘ஊ’வுக்கு 300, 900. ஆளுக்கு ஆள் நகரும், இடைவெளியின் சாயலைப் பாருங்கள்.

கேட்டே உணரலாம். கிசுகிசுப்பாக ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று வரிசையாகச் சொல்லுங்கள். குரல்நாண் அதிரவில்லை, இருந்தும் படி இறங்குவது போல ஒரு சுருதி இறங்கும். அது இரண்டாவது ஒத்ததிர்வு. சுருதியையும் உயிரொலியையும் குழப்பிக்கொள்வது தொடக்கத்தில் சகஜம். ஒரே சுருதியில் ஆ, ஈ, ஊ பாடுங்கள், பிறகு ஒரே ‘ஆ’வை ஏற்றி இறக்கிப் பாடுங்கள். சுருதி குரல்வளையின் விவகாரம், உயிரொலி வாயின் விவகாரம்.

உதட்டின் பங்கைப் பார்க்க, கண்ணாடி முன் ‘பசு’, ‘காசு’ என்று இயல்பாகச் சொல்லுங்கள். ‘பசு’வின் உகரத்தில் உதடு குவிகிறது, ‘காசு’வின் உகரத்தில் குவிவதில்லை. பள்ளியில் மாத்திரைக் கணக்காகப் படித்த குற்றியலுகரம் உதட்டில் இப்படித் தெரிகிறது.

9. நுரையீரல் தள்ளாத ஒலிகள்

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறோமே, அந்த ஒலிக்கு நுரையீரல் வேண்டாம். மூக்கால் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே உச்சுக்கொட்டிப் பாருங்கள், முனகல் தடைபடாது. நாவுக்கும் அண்ணத்துக்கும் இடையே சிறைப்பட்ட காற்றை உறிஞ்சி விடுவிப்பதால் வரும் ஒலி அது. சுலு, கோசா மொழிகளில் இவை சாதாரண மெய்யொலிகள். சிந்தி மொழியில் குரல்வளை கீழே இறங்கிக் காற்றை உள்வாங்கும் ஒலிகள் உண்டு. ஜார்ஜிய, அம்ஹாரிய மொழிகளில் மூடிய குரல்வளை மேலே எழும்பித் தள்ளும் ஒலிகள் உண்டு. அதைப் பழக, மூச்சு முழுவதையும் விட்டுவிட்டு, தொண்டையை அடைத்து, ‘க்’ என்று சுண்டி விடுங்கள். நுரையீரலில் இருந்து எதுவும் வராமலே ‘டக்’ என்று கேட்டால் வந்துவிட்டது.

10. பதிவு செய்து சரிபார்த்தல்

கைபேசியில் பதிவு செய்தால் இரைச்சல் நீக்கும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். அதற்கு ‘ஸ்’ஸும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றுதான், இரண்டையும் வெட்டிவிடும். கோப்பு வேவ் வடிவில், 44,100 ஹெர்ட்ஸ், ஒற்றைத்தடமாக இருக்கட்டும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் 15 செ.மீ. தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’வின் மூச்சு மைக்கில் அடித்து, இல்லாத இடியோசை படத்தில் தெரியும்.

பிராட்டில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டும் படம்) 5000 ஹெர்ட்ஸ் வரை காட்டும்படி இருக்கும். உயிரொலிக்கு அது போதும், ‘ஸ்’ஸுக்கு 10,000க்கு மேல் ஏற்றுங்கள், அதன் பலமே 4000க்கு மேல்தான். ஒத்ததிர்வு தேடும் உச்சவரம்பை ஆண்குரலுக்கு 5000, பெண்குரலுக்கு 5500 என்று வையுங்கள். இதை மாற்ற மறந்துவிட்டு, வந்த எண் தப்பாக இருக்கிறதே என்று தன் உச்சரிப்பைச் சந்தேகிப்பவர்கள் நிறைய.

முதல் பதிவுக்கு ‘பந்து’ நல்ல சொல். படத்தைப் பெரிதாக்கி இடமிருந்து வலமாகப் பாருங்கள். தொடக்கத்தில் வெறுமை: உதடு மூடியிருக்கிறது, மூக்கு மூடியிருக்கிறது, நாண்கள் அதிரவில்லை. மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று: உதடு திறந்தது. உடனே ‘அ’வின் ஒத்ததிர்வுகள் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும், அவற்றில் நெருக்கமான செங்குத்துக் கோடுகள், ஒவ்வொரு கோடும் குரல்நாண்களின் ஓர் அதிர்வு. ‘அ’ முடியும் முன்பே பட்டைகள் மங்கத் தொடங்கும். நாக்கு பல்லுக்குப் போய்ச் சேருவதற்குள் மெல்லண்ணம் இறங்க ஆரம்பித்துவிட்டது. பிறகு ‘ந்’, மங்கலான பட்டைகளோடு. அடுத்து வருவதுதான் பார்க்க வேண்டிய இடம். பட்டைகள் மறைந்து, அடியில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு ஓடும். நாக்கு இம்மியும் நகரவில்லை, குரல் நிற்கவில்லை, மூக்குக் கதவு மட்டும் மூடியது. ‘ந்’ ‘த்’ ஆகிவிட்டது. அந்தக் கோடு எத்தனை மில்லிநொடி நீள்கிறது என்று அளந்து, ‘பத்து’வில் வரும் ‘த்த்’தின் வெறுமையையும் அளந்து, இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பத்து’வின் எண் பெரிதாக வராவிட்டால் சொல்லைத் தனியாக நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பீர்கள். ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் பேசி, மறுபடி பதிவு செய்யுங்கள்.